கண்ணுக்குள் வைக்கும் மடக்கு லென்ஸ்: நம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் நம் ஆட்கள் கண்புரை அறுவைக்குப் போகும்போது மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கோவில் மண்டபத்தில் என்னிடம் கேட்பார்கள். நான் மருத்துவன் இல்லை. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸை வடிவமைக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன், ரோஸ் ஹில்காரன். உங்கள் கண்ணுக்கு எது வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த லென்ஸ் ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்பதை நான் சொல்கிறேன்.

புரை என்பது கண் மேல் வளரும் தோலா? சொட்டு மருந்தில் கரையாதா?

தோல் இல்லை. வெள்ளை விழியிலிருந்து சதை போல வளர்ந்து வருவது வேறு. புரை வருவது கண்மணிக்குப் பின்னால், பிறந்தது முதல் நம்மோடு இருக்கும் லென்ஸில். அதிலுள்ள புரதம் வயதாக ஆகக் கலங்குகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுத்துப்போவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெந்ததை மறுபடி பச்சையாக்க முடியாது. அதனால் சொட்டு மருந்தில் கரையாது. கலங்கிய லென்ஸை எடுத்தால் கண் ஏறக்குறைய 20 டையாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) பவரை இழந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் அந்தக் காலத்துத் தாத்தாக்கள் சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார்கள். இப்போது அந்தப் பவரைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுகிறோம்.

கிரியோலில் 'லாந்தி' என்கிறார்களே, பருப்புக்கும் இதற்கும் என்ன உறவு?

உறவு உண்டு. நாம் சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் லாந்திக்கும் கண் லென்ஸுக்கும் பிரெஞ்சில் ஒரே பெயர். லத்தீனில் பருப்புக்கு இருந்த பெயரைத்தான் அந்த வடிவக் கண்ணாடிக்கும் வைத்தார்கள். அளவுகூட அதிகம் மாறாது. செயற்கை லென்ஸின் ஒளி கடக்கும் பகுதி 6 மில்லிமீட்டர் அகலம், ஒரு பெரிய பருப்பு மாதிரி. அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்த மெல்லிய கைகள் நீளும். கையோடு சேர்த்து அளந்தால் சுமார் 13 மில்லிமீட்டர்.

லென்ஸ் ஏன் மென்மையாக இருக்க வேண்டும்? கண்ணில் உறுத்தக்கூடாது என்பதற்காகவா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் லென்ஸ் உட்காரும் பையில் வலி உணரும் நரம்பு கிடையாது. உள்ளே இருப்பது கல்லா பஞ்சா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. மென்மை வேண்டியிருப்பது உள்ளே நுழைவதற்கு.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. குண்டு பட்டு மூடி சிதறும்போது அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் மருத்துவர் அந்தக் கண்களைப் பார்த்தார். துணுக்கு உள்ளேயே கிடந்தும் கண் அதை எதிர்க்கவில்லை. அப்படியானால் அதே பொருளில் லென்ஸ் செய்து வைக்கலாமே என்று துணிந்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் லென்ஸை வைத்தார். சக மருத்துவர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். கண்ணுக்குள் இருப்பதை எடுப்பதுதான் மருத்துவம், வெளிப்பொருளை வைப்பதா என்று கேட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2000-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு காலமானார்.

பெர்ஸ்பெக்ஸ் நல்ல பொருள்தான். ஆனால் விறைப்பு. 6 மில்லிமீட்டர் லென்ஸை உள்ளே விட 6 மில்லிமீட்டருக்கும் மேலே வெட்ட வேண்டும், அப்புறம் தையல். தையல் இழுத்த இழுப்பில் கருவிழியின் வளைவு மாறி, புரை போயும் பார்வை கோணலாகிவிடும். 1967-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் கெல்மன், மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல் மருத்துவர் பல்லைச் சுத்தம் செய்த கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. இப்போது 3 மில்லிமீட்டர் துளையிலேயே புரை வெளியே வந்துவிட்டது. ஆனால் புது லென்ஸை உள்ளே விட அதே துளையை மறுபடி அகலமாக வெட்ட வேண்டியிருந்தது! இந்தச் சங்கடத்துக்கு விடையாகத்தான் கண் மருத்துவர் தாமஸ் மசாக்கோ 1984-இல் சிலிகான் லென்ஸை மடித்து உள்ளே விட்டார். இன்று துளை 2 முதல் 3 மில்லிமீட்டர். தையல் பெரும்பாலும் இல்லை. வெட்டு தானாகவே மூடிக்கொள்ளும்.

இதிலிருந்துதான் எங்கள் வேலையின் முழுச் சிக்கலும் தொடங்குகிறது. நுழையும் பத்து நொடிக்கு லென்ஸ் துணி மாதிரி சுருள வேண்டும். அதற்கு அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுக்கு ஒரு மயிரிழைகூட நகராமல் நிற்க வேண்டும். ஒரே பொருளிடம் இந்த இரண்டையும் கேட்கிறோம்.

எந்தப் பொருளில் செய்கிறார்கள்?

மூன்று குடும்பங்கள்.

சிலிகான் முதலில் வந்தது. நன்றாக மடியும். ஆனால் உள்ளே போனதும் வில் மாதிரி படாரென்று விரியும். அந்த வேகம் மருத்துவரின் கையை மீறிப் போகலாம். ஒளியை வளைக்கும் திறனும் குறைவு என்பதால் லென்ஸ் தடிமனாக வேண்டும்.

இரண்டாவது, நீர் ஒட்டாத அக்ரிலிக். பெர்ஸ்பெக்ஸுக்குச் சொந்தக்காரப் பிளாஸ்டிக்தான், மூலக்கூறுகளின் பக்கச் சங்கிலிகளை மாற்றி இளக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் விறைப்பிலிருந்து இளகும் ஒரு வெப்பநிலை உண்டு. பெர்ஸ்பெக்ஸுக்கு அது 100 டிகிரி செல்சியஸுக்கும் மேல். இந்த அக்ரிலிக்குக்கு அறை வெப்பத்துக்கும் கீழே. குளிர்காலத்தில் கியூர்பிப்பில் நெய் கட்டியாக இருக்கும், அதே நாளில் போர்ட் லூயிஸில் இளகி இருக்கும் அல்லவா? நெய் உருகுகிறது, பிளாஸ்டிக் வெறுமனே தளர்கிறது. மற்றபடி இந்த ஒப்புமை உதவும். அறுவை அறையில் ஏசி மிகவும் குளிர்ந்தால் இந்த லென்ஸ் முரண்டு பிடிக்கும். கண்ணின் சூட்டுக்கு வந்ததும் இளகும்.

அது விரிவதை நுண்ணோக்கியில் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் சலிக்கவில்லை. ஊசிக்குழலின் நுனியிலிருந்து சுருட்டிய வெற்றிலை மாதிரி வெளியே வரும். ஒரு கணம் அப்படியே கிடக்கும். பிறகு ஒரு ஓரம் மெதுவாகத் தூக்கும், மறு ஓரம் தொடரும். கைகள் உடலோடு ஒட்டிக்கொண்டு, விடலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்று, கடைசியில் பிரிந்து பையின் சுவரைத் தொடும். மருத்துவருக்கு அந்தச் சில நொடிகள் பெரிய வரம். லென்ஸை அவர் தன் இஷ்டப்படி திருப்பி உட்கார வைக்கலாம்.

மூன்றாவது, நீர் ஏற்கும் அக்ரிலிக். பொதுவாக எடையில் கால்வாசி தண்ணீர். இதைக் காய்ந்த நிலையில், கெட்டியாக இருக்கும்போதே கடைசல் இயந்திரத்தில் கடைந்து, பிறகு உப்புநீரில் ஊறவைப்பார்கள். ஊறினால் எல்லாப் பக்கமும் உப்பும். ஆகவே, ஊறிய பின் எந்த அளவு வேண்டுமோ அதற்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, சிறியதாகக் கடைய வேண்டும். கொண்டைக்கடலை ஊறவைக்கும் எந்த அம்மாவுக்கும் இது புரியும். வித்தியாசம் என்னவென்றால் நாங்கள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறக்கூடாது.

மடித்தால் நடுவில் கோடு விழாதா?

நல்ல பொருளும் சரியான குழலும் இருந்தால் விழாது. மிகவும் குறுகலான குழலில் தடிமனான லென்ஸைத் திணித்தால் கீறல் விழலாம். அதனால்தான் ஒவ்வொரு லென்ஸும் அதற்கென்று சோதித்த குழலோடு வருகிறது.

லென்ஸ் உள்ளே எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

நம் பழைய லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருந்தது. மருத்துவர் அந்தப் பையின் முன்பக்கத்தில் 5 மில்லிமீட்டர் சொச்சத்துக்கு வட்டமாகத் திறந்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, பையை அப்படியே விட்டுவிடுகிறார். புது லென்ஸின் வீடு அதுதான். பையின் அகலம் 10 மில்லிமீட்டர்போல, கை விரித்த லென்ஸ் 13. ஆகவே கைகள் மடங்கி, பையை உள்ளிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். ரொம்பத் தள்ளினால் பை நீள்வட்டமாகி அதில் சுருக்கம் விழும். தள்ளாமல் விட்டால், ஆறிய பிறகு பை சுருங்கும்போது லென்ஸ் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். லென்ஸ் 1 மில்லிமீட்டர் முன்னால் வந்தாலே ஒரு டையாப்டருக்கு மேல் கிட்டப்பார்வை ஏறிவிடும்.

கையின் தடிமனை நான் முதன்முதலில் வரைந்தபோது இதைச் சாதாரணமாக நினைத்துவிட்டேன். சோதனைச்சாலையில் லென்ஸை 10 மில்லிமீட்டர் வளையத்தில் அடைத்து, கை கொடுக்கும் விசையை அளந்தோம். பிறகு கையை 2,50,000 தடவை அசைத்துப் பார்க்க வேண்டும்; உலகத் தர விதி அப்படி. நான் வரைந்த லென்ஸ் கை உடையவில்லை. ஆனால் வேர்ப்பகுதியில், கையும் உடலும் சேரும் அந்த மூலையில், மயிரிழை வெடிப்பு. மூலையைக் கொஞ்சம் வளைவாக வரைந்ததும் சரியாகிவிட்டது. அதுமுதல் எந்த லென்ஸைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அந்த மூலைக்குத்தான்.

அறுவை முடிந்து இரண்டு வருடத்தில் மறுபடி மங்கலாகிவிட்டது. புரை திரும்ப வந்துவிட்டதா?

புரை திரும்ப வராது. பையின் ஓரத்தில் தங்கிவிடும் சில செல்கள் பின்சுவரில் ஊர்ந்து வந்து படலம் கட்டுகின்றன. யாக் என்ற லேசர் ஒளியால் பின்சுவரின் நடுவில் ஒரு சின்ன சாளரம் திறந்தால் தெளிந்துவிடும். சில நிமிட வேலை, வலிக்காது.

வடிவமைப்பாளனுக்கு இதில் ஒரு அழகான பாடம் இருக்கிறது. பழைய லென்ஸ்களின் ஓரம் உருண்டையாக மெருகேற்றப்பட்டிருந்தது. வழவழப்பாக இருப்பதுதான் கண்ணுக்கு நல்லது என்று எல்லோரும் நம்பினார்கள். 1990களில் வந்த அக்ரிலிக் லென்ஸில் பின் ஓரம் கத்தரித்தது மாதிரி சதுரமாக அமைந்தது. பார்த்தால் படலம் வெகுவாகக் குறைந்திருந்தது. கூர்மையான ஓரம் பையின் சுவரை இறுக்கமாக மடக்குகிறது. ஊர்ந்து வரும் செல் அந்த மடிப்பைத் தாண்டத் திணறுகிறது. வயலுக்கு வரப்பு போட்ட மாதிரி. ஆனால் அதே சதுர ஓரம், பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியைப் பிறைபோலப் பளிச்சிட வைத்தது. இரவில் எதிரே வண்டி வந்தால் ஓரத்தில் ஒரு கீற்று தெரிகிறது என்று நோயாளிகள் சொன்னார்கள். அதற்காக, பின் ஓரத்தைச் சதுரமாகவே விட்டு, முன் ஓரத்தை உருட்டியும், பக்கத்தைச் சொரசொரப்பாக்கியும் சமாளித்தார்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று தலைதூக்கும். இந்த வேலை அப்படித்தான்.

எனக்கு எத்தனை பவர் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கண்ணின் முன்பின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளப்பார்கள். பழைய, எளிய கணக்கு இது: லென்ஸுக்கு உரிய ஒரு எண்ணிலிருந்து, நீளத்தை 2.5-ஆல் பெருக்கியதையும், கருவிழியின் பவரை 0.9-ஆல் பெருக்கியதையும் கழிக்க வேண்டும். லென்ஸின் எண் 118.4, கண் 23.5 மில்லிமீட்டர், கருவிழி 43.5 டையாப்டர் என்று வைத்துக்கொள்வோம். 118.4-இலிருந்து 58.75-உம் 39.15-உம் போனால் 20.5. அதுதான் லென்ஸின் பவர். இன்று இதைவிட நுட்பமான கணக்குகள் வந்துவிட்டன, ஆனால் ஆதாரம் இதுதான். நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிழை என்றால் 2.5 டையாப்டர் போய்விடும். ஆகவே அளக்கிற அன்று பொறுமையாக உட்காருங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். அந்த 20.5 என்பது கண்ணுக்குள் இருக்கும்போது மட்டும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்வது ஒளிவிலகல் எண். கண்ணின் நீருக்கு அது 1.336, பெர்ஸ்பெக்ஸுக்கு 1.49. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேலை செய்கிறது. அதே பெர்ஸ்பெக்ஸ் லென்ஸை வெளியே காற்றில் பிடித்தால் மூன்று மடங்குக்கும் மேல் பவர் காட்டும். அக்ரிலிக் சில வகைகளில் எண் 1.55 வரை போகும். அதனால் லென்ஸை மெலிதாக்கலாம், மெலிந்தால் சின்னத் துளையில் போகும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. எந்த லென்ஸ் நல்லது?

நம் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. எனவே இது நம் எல்லோர் வீட்டுக் கேள்வி. சர்க்கரையால் புரை சீக்கிரமே வருகிறது; விழித்திரையும் கெடலாம். நாளைக்கு விழித்திரைக்கு அறுவை தேவைப்பட்டால், மருத்துவர் கண்ணுக்குள் சிலிகான் எண்ணெயோ வாயுவோ நிரப்ப வேண்டி வரலாம். சிலிகான் லென்ஸில் அந்த எண்ணெய்த் துளிகள் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. நீர் ஏற்கும் அக்ரிலிக்கில், வாயு நிரப்பிய கண்களில், சுண்ணாம்பு படிந்து லென்ஸ் வெளுத்த நிகழ்வுகள் உண்டு. அதனால் நீர் ஒட்டாத அக்ரிலிக்கைப் பலரும் விரும்புகிறார்கள். அதிலும் குறை இல்லாமல் இல்லை: சிலவற்றில் காலப்போக்கில் நுண்ணிய நீர்க்குமிழிகள் மின்னும், பெரும்பாலும் பார்வையைப் பாதிக்காது. 'எனக்கு விழித்திரை அறுவை வர வாய்ப்புண்டா, அதற்கேற்ற லென்ஸ்தானா' என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கிட்டவும் எட்டவும் தெரியும் விலையுயர்ந்த லென்ஸ் போடலாமா?

அந்த லென்ஸின் முகத்தில் மிக நுண்ணிய வளையங்கள் இருக்கும். வரும் ஒளியை அவை தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகின்றன. ஒளி புதிதாக உண்டாவதில்லை. பங்கு போட்டால் ஒவ்வொன்றும் கொஞ்சம் மங்கும். இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். விழித்திரை ஆரோக்கியமாக இருந்து, கண்ணாடியே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு அது நல்ல தேர்வுதான். விழித்திரையில் கோளாறு இருந்தால் நான் வேண்டாம் என்பேன், பணம் இருந்தாலும்.

அம்மாவுக்குச் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ்தான் போட்டோம். கட்டு பிரித்த மறுநாள் அவர் ஜன்னலோரம் நின்று எதிர்வீட்டு மாமரத்தில் காய்களை எண்ணினார். சில வாரம் கழித்து, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பர்ஸிலிருந்து 100 ரூபாய் நோட்டை எடுத்தார். ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நோட்டு. அதிலுள்ள தமிழ் எழுத்தை விரலால் தடவி, எழுத்துக் கூட்டி வாசித்தார். "இது இவ்வளவு சின்னதா எழுதியிருக்கா?" என்றார். பல வருடமாக அவர் அந்த நோட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இந்தியாவில் செய்த லென்ஸ் மட்டமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. அந்தக் குடும்பத்திலிருந்து 1992-இல் ஆரோலேப் பிறந்தது. வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், அவர்கள் தாங்களே செய்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். பல நாடுகளுக்கு அங்கிருந்து லென்ஸ் போகிறது. விலை குறைந்ததற்குக் காரணம் உற்பத்தி அளவும் லாபத்தின் மேல் ஆசை இல்லாததும். எந்த நாட்டு லென்ஸானாலும் பார்க்க வேண்டியது பொருள், ஓரம், தரச் சான்று.

நம் ஊரிலும் செலவைக் கண்டு பயப்பட வேண்டாம். அரசு மருத்துவம் இலவசம். மோக்காவில் நம் பாரதியார் பெயரில் அமைந்த அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பணமில்லை என்று புரையை முற்ற விட்டுவிடாதீர்கள். முற்றிய புரை கெட்டியாகி அறுவையைக் கடினமாக்கும்.

லென்ஸை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

மாற்ற வேண்டாம். ஆயுளுக்கும் ஒன்றே போதும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், விமானத்தில் போகலாம்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா?

அறுவை முடிந்த முதல் சில வாரங்கள் பாரம் தூக்குவதும் கண்ணில் தண்ணீர் படுவதும் கூடாது. லென்ஸ் பயந்துபோய் நகர்ந்துவிடும் என்பதால் இல்லை. தையலில்லாத அந்தத் துளை முழுதாக ஆற வேண்டும், கிருமி போகக்கூடாது. காவடியைவிட எனக்குக் கவலை திருநீறும் கற்பூரப் புகையும்தான். நெற்றியில் பூசும்போது தூள் கண்ணில் உதிரும், கை தானாகக் கண்ணைத் தேய்க்கும். அறுவைத் தேதியைத் தைப்பூசத்துக்கு வெகு முன்னதாகவோ, முடிந்த பிறகோ கேட்டு வாங்குங்கள். எப்போது எடுக்கலாம் என்று மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

மருத்துவமனையில் ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். அது எதற்கு?

தயவுசெய்து அதை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். லென்ஸின் மாதிரி, பவர், தொடர் எண் எல்லாம் அதில் இருக்கும். அம்மாவின் முதல் கண்ணுக்கு அறுவை செய்த இடத்தில் அட்டை தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து இரண்டாவது கண்ணுக்குப் போனபோது, முதல் கண்ணில் என்ன லென்ஸ், கணக்கு எவ்வளவு தூரம் பலித்தது என்று மருத்துவர் கேட்டார். லென்ஸ் தொழிலில் இருக்கும் என்னிடம் பதில் இல்லை. பழைய கோப்பும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தார்கள்.

என் மகள் பொறியியல் படிக்கிறாள். இந்தத் துறையில் இனி செய்ய என்ன மிச்சம்?

நிறைய. இளமையில் நம் லென்ஸ் தன் வளைவை மாற்றிக்கொண்டு கிட்டத்தையும் தூரத்தையும் தானே பார்த்துக்கொள்கிறது. அப்படித் தசையின் இழுப்புக்கு உண்மையாக வடிவம் மாறும் செயற்கை லென்ஸ் இன்னும் நம் கைக்கு முழுதாக வரவில்லை. பையைத் திரவப் பாலிமரால் நிரப்பிவிடலாம் என்ற யோசனை 1960களிலிருந்தே இருக்கிறது. பையில் கசியாமல் அடைப்பது, படலம் கட்டாமல் தடுப்பது, சரியான பவருக்கு நிரப்புவது என்று மூன்று இடத்திலும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒன்று மட்டும் நிறைவேறியிருக்கிறது. கண்ணுக்குள் வைத்த பிறகு புறஊதா ஒளி பாய்ச்சிப் பவரைத் திருத்தக்கூடிய சிலிகான் லென்ஸ் அது. கண் மருத்துவர் டேனியல் ஷ்வார்ட்ஸும், 2005-இல் வேதியியல் நோபல் பெற்ற ராபர்ட் கிரப்ஸும் சேர்ந்து உருவாக்கியது. அமெரிக்கா 2017-இல் அனுமதித்தது. ஒளி படும் இடத்துக்குள் சின்ன மூலக்கூறுகள் நகர்ந்து போய் லென்ஸின் வளைவு மாறுகிறது. திருப்தியான பிறகு கடைசியாக ஒரு ஒளி கொடுத்துப் பூட்டிவிடுவார்கள். அதுவரை வெயிலில் சிறப்புக் கண்ணாடி போட வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எளிதில்லை.

மகளிடம் பாலிமர் வேதியியலையும் ஒளியியலையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். மண்டபத்தில் கண் பரிசோதனை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். என்னிடம் காலாவதியான மாதிரி லென்ஸ்கள் கொஞ்சம் இருக்கின்றன. இடுக்கியால் ஒன்றை எடுத்து, வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, அவள் கையாலேயே மடித்துப் பார்க்கட்டும்.